கைபேசி போதும் என்பவர்களுக்கு

இயற்கையைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இப்போது ஒரு கருத்து மறுப்பில்லாமல் உலவுகிறது. பறவையோ செடியோ பூச்சியோ, கண்ணில் பட்டதும் கைபேசியை நீட்டினால் அது பெயரைச் சொல்லிவிடுகிறது. குரலைக் கேட்டே பறவையை அடையாளம் காட்டும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருக்க ஓர் ஊரின், ஒரு மாவட்டத்தின் உயிர்களுக்கென்று தனியாகப் புத்தகம் போடுவது வீண் செலவு என்கிறார்கள். பதிப்பாளர்கள் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பல வருடமாகப் பறவை பார்ப்பவர்களும் சொல்கிறார்கள். துணைக்கு இன்னொரு வாதமும் வருகிறது: புத்தகம்தான் வேண்டுமென்றால் இந்தியா முழுமைக்கும் ஆங்கிலத்தில் அருமையான கையேடுகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

இரண்டுமே தவறு. சின்னத் தவறாக இருந்தால் கண்டுகொள்ளாமல் போய்விடலாம். ஒரு தலைமுறை தன் காலடி நிலத்தை அறியாமலே வளர்வதற்கு இந்தக் கருத்து நியாயம் கற்பித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

செயலிகளோடு எனக்குப் பகை கிடையாது. மாஞ்சோலைப் பக்கம் இலைக்குள் மறைந்து கூவும் ஒன்றின் பெயரை அது நொடியில் சொல்லும்போது நானும் வியந்துதான் போகிறேன். ஆனால் பெயரைத் தாண்டி அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பறவை இந்தக் குளத்துக்கு எந்த மாதம் வரும், எந்த வருடம் வராது, வராவிட்டால் என்ன காரணம், முப்பது வருடத்துக்கு முன்னால் இங்கே கூடு கட்டியதா, ஊரார் அதை விரட்டினார்களா காப்பாற்றினார்களா? இவை எதற்கும் அதனிடம் பதில் இல்லை. ஒரு நிலத்தைத் தெரிந்துகொள்வது என்பதே இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

எனக்குப் பழக்கமான நிலத்தை வைத்தே பேசுகிறேன். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓட்டம். தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடல் சேரும் ஆறு. இந்தச் சின்ன நீளத்துக்குள் சிங்கவால் குரங்கு வாழும் மழைக்காடு இருக்கிறது. வெளிமான் மேயும் வல்லநாட்டுப் புதர்க்காடு இருக்கிறது. பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மருத மரங்கள் வரிசைகட்டிய ஆற்றங்கரை, காரும் பிசானமும் விளையும் வயல்கள், கால்வாயால் நிரம்பும் குளங்கள், வானத்தை மட்டுமே நம்பிய மானாவாரிக் குளங்கள், இவற்றுக்குக் கொஞ்சம் தெற்கே செம்மணல் மேடுமேடாகக் கிடக்கும் தேரி, கிழக்கே உப்பளங்கள், அதற்கும் அப்பால் பவளப்பாறை சூழ்ந்த தீவுகள். காலையில் மலையில் இருவாச்சியைப் பார்த்தவர் அன்று மாலையே தூத்துக்குடி உப்பளத்தோரம் பூநாரையைத் தேடிப் போகலாம்.

துணைக்கண்டம் முழுமைக்குமான பறவைக் கையேடு இந்த நிலத்தை எப்படிக் காட்டும்? அதில் 1,300 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. இமயமலையின் வண்ணக்கோழிகளும் வடகிழக்குக் காடுகளின் சிலம்பன்களும் பக்கம் பக்கமாக வருகின்றன. வல்லநாட்டுப் பையன் தன் வாழ்நாளில் பார்க்கப்போகாத ஆயிரம் பறவைகளுக்கு நடுவே, தினமும் பார்க்கும் பறவையைத் தேடிக் களைத்துப்போகிறான். பரவலைக் காட்டும் வரைபடத்திலோ தமிழ்நாடு கட்டைவிரல் நகமளவு. பொதிகை மழைக்காட்டுக்கும் குதிரைமொழித் தேரிக்கும் அதில் ஒரே வண்ணம்தான் பூசியிருக்கும். நூலாசிரியர்கள் மேல் குறை சொல்லவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை அது. அந்த வேலை முடிந்துவிட்டதால் நம் வேலையும் முடிந்துவிட்டது என்று எண்ணுவதைத்தான் மறுக்கிறேன்.

கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்லாமல் ஊருக்குள் வீட்டோர மரங்களிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து வந்திருக்கின்றன. எச்சத்தின் வீச்சத்தையும் விடாத சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு ஊரார் அவற்றைக் காத்திருக்கிறார்கள். எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு உரமானது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மணிமுத்தாற்றுக் கால்வாயிலும் தண்ணீர் வராமல் போனால் அந்த வருடம் நாரை இறங்காது. ஆக, நாரையைப் பற்றி எழுதுகிறவர் அணையைப் பற்றி எழுத வேண்டும், கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பற்றி எழுத வேண்டும், ஊராரின் பொறுமையைப் பற்றியும் எழுத வேண்டும். செயலியில் இந்த நாரைக்கு ஒரு படம், ஒரு குரல், நான்கு வரி. ஆங்கிலக் கையேட்டில் அரைப் பக்கம். இந்தக் கதை எங்கே வரும்?

பனங்காட்டுக்குப் போனாலும் இதுதான் நிலை. பனை உழவாரன் ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கும். தூக்கணாங்குருவி ஓலை நுனியில் கூட்டைத் தொங்கவிடும். காய்ந்த மட்டைகளைக் கழிப்பதற்கும் பதநீர் இறக்குவதற்கும் ஒரு காலம் உண்டு. அது பறவைகளின் காலத்தோடு எங்கே உரசுகிறது என்று பனையேறிக்குத் தெரியும். நயினார்குளத்தை ஒட்டிக் குளிர்கால மாலைகளில் சூறைக்குருவிகள் திரள்திரளாக அடைவதைத் திருநெல்வேலிக்காரர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ஆசியாவின் நடுப்பகுதிப் புல்வெளிகளிலிருந்து வருபவை அவை. அங்கே வெட்டுக்கிளிகளைத் தின்று வாழ்கின்றன. இங்கே எந்தப் பயிரின் எந்தப் பருவத்தோடு அவற்றின் வரவு பொருந்துகிறது, எந்த மரத்தில் அடைகின்றன, அந்த மரங்களில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

கைபேசியை நம்புகிறவர்கள் அதன் அறிவு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது யோசிக்க வேண்டும். லட்சக்கணக்கான படங்களையும் ஒலிப்பதிவுகளையும் மனிதர்கள் பெயரிட்டுக் கொடுத்ததால்தான் அது கற்றுக்கொண்டது. இந்த ஊரில் இந்த மாதம் இன்னின்ன பறவைகள் இருக்கக்கூடும் என்று அது பட்டியல் தருவது, அந்த ஊருக்கு யாரோ போய் எண்ணி, பதிவு செய்ததால்தான். 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. சேற்றில் இறங்கி, வெயிலில் நின்று எண்ணிய அந்த மனிதர்களின் உழைப்பைத்தான் செயலி நமக்குத் திருப்பிச் சொல்கிறது. ஆள் போய்ப் பார்க்காத குளம் அதன் கண்ணுக்குத் தெரியாத குளம். அந்த மனிதர்களில் பலர் உருவானது யாரோ ஒருவர் கையில் கொடுத்த புத்தகத்தால். வேரை வெட்டிவிட்டு இளநீர் கேட்பது போலத்தான், புத்தகம் வேண்டாம் செயலி போதும் என்பது.

இனி பெயருக்கே வருவோம். பெயரை அறிவதில்கூடச் செயலி நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் கட்சி. பள்ளிப் பிள்ளைகளோடு குளக்கரையில் நடந்தபோது ஒருவன் படம் எடுத்துவிட்டு, “சார், சின்னக் கொக்குன்னு சொல்லிட்டு சார்” என்றான். “எதை வச்சுச் சொல்லுச்சுல?” என்று கேட்டேன். திரும்பத் திரையைத்தான் பார்த்தான். பறவை இருபது அடியில் நின்றுகொண்டிருந்தது. புத்தகத்தில் நான்கு வெள்ளைக் கொக்குகளும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கும். கருப்பு அலகா மஞ்சள் அலகா என்று பார்க்க வேண்டும். கால் கருப்பாக இருந்து பாதம் மட்டும் மஞ்சளா என்று பார்க்க வேண்டும். வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டிப் போகிறதா, கழுத்து எப்படி மடிகிறது, மாட்டோடு நடக்கிறதா தண்ணீரில் நிற்கிறதா என்று மாறி மாறி நிமிர்ந்தும் குனிந்தும் பார்த்து, மூன்றை விலக்கி ஒன்றுக்கு வர வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பையன் கொக்கைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். அடுத்த முறை அவனுக்கு எந்தக் கருவியும் தேவைப்படாது. விடையை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டால் பார்க்கும் தேவையே போய்விடுகிறது.

பாம்பு விஷயத்தில் இது உயிர் போகும் காரியம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். கட்டுவிரியனும் நஞ்சில்லாத வெள்ளிக்கோல்வரையனும் ஒரே வீட்டுத் திண்ணையோரம் வரக்கூடியவை. கட்டுவிரியனின் வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக, தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி வால் வரை போகும். வெள்ளிக்கோல்வரையனின் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி வாலை நோக்கி மங்கிப்போகும். கட்டுவிரியனின் நடுமுதுகில் ஓடும் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவானவை. இருட்டில், நடுங்கும் கையால் எடுத்த மங்கலான படத்தை வைத்துச் செயலி சொல்லும் பதிலை நம்பி யாரும் பாம்பருகே போகக் கூடாது. உள்ளூர்ப் புத்தகம் இருந்தால் அது படத்தோடு நிற்காது. கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் படுப்பவரைக் கடிக்கும், கடித்த வலி தெரியாமலே போகலாம் என்று சொல்லும். கட்டிலில் கொசுவலை கட்டிப் படுக்கச் சொல்லும். வறண்ட பகுதிகளில் சுருட்டை விரியன் கல்லடியில் கிடக்கும் என்று சொல்லும். நம் வட்டாரத்தில் எந்த அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லும். இதைப் படித்து வளர்ந்த பிள்ளை கடிபட்டவரை மந்திரிக்கக் கூட்டிப்போக விடமாட்டாள்.

நிலத்தைப் பற்றிய அறிவும் இப்படித்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றது, குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவாயின. எந்தக் குளத்தின் மறுகால் எந்தக் குளத்துக்குப் போகும், எந்த ஓடை எங்கே தூர்ந்தது, ஆறு பழைய நாளில் எந்தப் பக்கம் புரண்டது என்று ஒவ்வொரு ஊரிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த அறிவு துண்டுதுண்டாகத் தலைகளுக்குள் இருந்தது. 1917இல் ஹெச். ஆர். பேட் திருநெல்வேலி மாவட்டத்துக்கு ஒரு கெசட்டியர் தொகுத்தார். ஆட்சிக்கும் வரிக்கும் அந்த அரசுக்கு அது தேவைப்பட்டது. மாவட்டம் என்ற அளவு ஒரு புத்தகத்துக்குரியது என்று அந்நிய ஆட்சிக்குத் தெரிந்திருந்தது. இங்கே வாழ்கிற நமக்கு, வாழ்வதற்காகவே, அப்படி ஒன்று தேவையில்லையா?

“அதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், புத்தகம் எதற்கு” என்பவர்களும் உண்டு. தெரியும்தான். கீதாரிக்குத் தெரிந்த புல்லும், கடலாடிக்குத் தெரிந்த கச்சான், கொண்டல் காற்றுகளும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. ஆனால் அவர்கள் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். கேட்க ஆளில்லாமல் அந்த அறிவு ஒவ்வொரு சாவோடும் போய்க்கொண்டிருக்கிறது. அதை மதிப்பவர்கள் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

புத்தகத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது தன் காலத்தைச் சொல்லி நிற்கும். பி. வி. மாயூரநாதன் சென்னை நகரத்தின், அதன் சுற்றுவட்டாரத்தின் பூக்கும் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலை 1929இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. ஒரு நகரத்துச் செடிகளுக்கு மட்டும் ஒரு நூல். இன்று சென்னையில் எது போயிற்று என்று கேட்கிறவருக்கு அதுதான் சாட்சி. செயலி நிகழ்காலத்திலேயே வாழ்கிறது. திருநெல்வேலியில் நின்று பட்டியல் கேட்டால் இன்று இருப்பதைத்தான் சொல்லும். சென்ற தலைமுறையில் செத்த மாட்டைச் சுற்றி ஊர்ப்புறத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதற்குத் தடை வந்தபோது பெரும்பகுதி அழிந்திருந்தது. இன்று தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். கைபேசிப் பட்டியலில் கழுகு இல்லாததைப் பார்க்கும் பிள்ளைக்கு, ஏன் இல்லை என்று கேட்கவே தோன்றாது. இழந்தது என்னவென்று தெரியாதவரிடம் மீட்கச் சொல்லி எப்படிக் கேட்பது?

தமிழ்ப் பற்று மிகுந்தவர்கள் வேறு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சங்க இலக்கியத்திலேயே எல்லாம் இருக்கிறதாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார், இதைவிட என்ன கையேடு வேண்டும் என்கிறார்கள். அந்த 99 பூக்களில் பல இன்று எந்தச் செடியினுடையவை என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பி. எல். சாமி போன்றவர்கள் தாவரவியலையும் பாட்டையும் அருகருகே வைத்து வருடக்கணக்கில் உழைத்துச் சங்க இலக்கியத்தில் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் விளக்கி நூல்கள் எழுத வேண்டியிருந்தது. முன்னோர் பார்த்தார்கள் என்பது நாம் பார்க்காமல் இருப்பதற்குச் சாக்காக முடியாது.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மா. கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். வேடந்தாங்கலைப் பற்றி அவர் எழுதியவற்றில் ஓர் இடத்தை ஆண்டாண்டாகப் பார்த்தவரின் கண் தெரியும். சு. தியடோர் பாஸ்கரன் கானுயிர் எழுத்துக்குத் தமிழில் ஒரு நடையையே தந்தார். க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளையும் அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் தொகுத்தார். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய பறவைகள் அறிமுகக் கையேட்டை க்ரியா கொண்டுவந்தது. கையடக்கமாக, வண்ணப் படங்களோடு, தமிழில் படித்தே பறவை பார்க்கத் தொடங்கலாம் என்று காட்டிய நூல் அது. இவர்கள் திறந்துவிட்ட வழியில் அடுத்து நடக்க வேண்டியது மாவட்டம் மாவட்டமாக, ஆறு ஆறாக இறங்கும் வேலை. அந்த வேலை தொடங்க வேண்டிய நேரத்தில்தான் ‘கைபேசி போதும்’ என்ற குரல் வந்து வாயை அடைக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்கலாம். 1958இல் இந்துசூடன் என்ற புனைபெயரில் கே. கே. நீலகண்டன் கேரளத்தின் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் நூல் எழுதினார். வெளியிட்டது கேரள சாகித்ய அகாதமி. இலக்கியத்துக்கான அமைப்பு பறவைப் புத்தகம் போட்டது என்பதை நம் ஊர் அமைப்புகள் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதவரும் பள்ளி ஆசிரியரும் குமாஸ்தாவும் தங்கள் மொழியில், தங்கள் வயலிலும் தோப்பிலும் உள்ள பறவைகளைப் பற்றிப் படித்தார்கள். 2015 முதல் 2020 வரை கேரளம் தன் முழுப் பரப்புக்கும் பறவை வரைபடம் தயாரித்தது. ஒரு மாநிலம் முழுவதற்குமாக இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் பறவை வரைபடம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உழைத்தார்கள். ஒரு புத்தகம் மட்டுமே இத்தனையும் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேரளத்தில் பறவை பார்க்கிற மூத்த தலைமுறையில் யாரைக் கேட்டாலும் அந்தப் புத்தகத்தின் பெயர் வராமல் பேச்சு முடியாது. செயலிக்குத் தரவு கொடுக்க அத்தனை பேர் அங்கே எப்படித் திரண்டார்கள் என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

சின்ன இடத்துக்குப் புத்தகமா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் தன் செல்போர்ன் என்ற ஒரே ஊரைப் பற்றி எழுதிய நூல் 1789இல் வந்தது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் மூன்று கதிர்க்குருவி இனங்களைக் குரலை வைத்து வேறு வேறு என்று பிரித்தவர் அவர். ஊரைவிட்டு அதிகம் நகராததால்தான் அது அவருக்கு முடிந்தது. இன்றும் அந்த நூல் அச்சில் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், அறிவு வளர்வது சரி, அதனால் நிலத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அரிட்டாபட்டியைச் சொல்கிறேன். மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டத்தில் குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களுமாக உள்ள ஊர். பழந்தமிழ்க் கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். உள்ளூர் மக்களும் மதுரை இயற்கை ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் அங்கே நடந்து, பறவைகளையும் விலங்குகளையும் பட்டியலிட்டார்கள். சுமார் 250 பறவை இனங்கள், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு. 2022 நவம்பரில் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 2024 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் முதலில் சொன்னது என்ன? பல்லுயிர்த் தலத்தை விலக்கிவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம் என்றது. 2025 ஜனவரியில் முழு ஏலமும் ரத்தானது. அது மக்கள் போராட்டத்தின் வெற்றி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது அரசு முதலில் கைவைக்கத் தயங்கிய இடம் எது என்று பாருங்கள். பட்டியல் எழுதப்பட்டு, பதிவாகி, அறிவிக்கப்பட்டிருந்த 193 ஹெக்டேர். பக்கத்துக் குன்றிலும் அதே தேவாங்கு இருந்திருக்கும், அதே பறவைகள் பறந்திருக்கும். ஆனால் அந்தக் குன்றைப் பற்றி யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

தேரியில் நாளை அப்படி ஒரு திட்டம் வந்தால் நம் கையில் என்ன இருக்கிறது? குடைவேல மரங்களும் பனையும் முந்திரியும் நிற்கும் செம்மணலில், வெயில் ஏறியதும் தொண்டைச் சவ்வை விசிறியாக விரித்துக் காட்டும் சின்னப் பல்லியையும், மணலில் காற்று வரையும் கோலத்தையும் வெறும் தரிசு என்றுதான் கணக்கு எழுதுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு தேய்ந்து, செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கித்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. கரையில் நிற்கும் எத்தனை தூத்துக்குடிக்காரர்களுக்கு இது தெரியும்?

விற்காது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1948இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது, இந்தியாவில் முதலாவது. நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகச் சேர்கிறது. அந்தப் பணம் தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்தும் போகிறது. அந்த ஊர்களின் நூலகங்களுக்கு அந்த ஊர்களைப் பற்றிய புத்தகத்தை வாங்கச் சொல்வதில் என்ன தவறு? அரசு நூலகங்களும் பள்ளிகளும் வாங்குமென்றால் முதல் பதிப்பை எந்தச் சிறு பதிப்பாளரும் துணிந்து போடுவார்.

எழுதுவதற்கு மூலப்பொருள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி வரை கெடு வைத்து அபராதம் விதிப்பதாகச் சொன்ன பிறகு நாடு முழுக்க 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள் உருவாயின. கெடுவுக்காக அவசரத்தில் நிரப்பியவை பல என்று சூழலியலாளர்கள் வெளிப்படையாகவே குறை சொல்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். அதன் பொருள், ஊர் தன் உயிர்களை எழுதி வைக்க வேண்டும் என்று நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான். அந்தப் பதிவேடுகள் பஞ்சாயத்து அலுவலகப் பீரோவில் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கி, தவறான செடிப் பெயர்களை நீக்கி, நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் பட்டியலோடு சேர்த்து, கீதாரியையும் பனையேறியையும் கடலாடியையும் விசாரித்துத் திருத்தினால் முதல் கையெழுத்துப் படி தயார்.

அந்தப் புத்தகத்தில் என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து கடல் வரை ஆற்றின் போக்கிலேயே அத்தியாயங்கள் இறங்க வேண்டும். மாதங்கள் ஆங்கிலத்தில் மட்டுமில்லாமல் ஆடி, ஐப்பசி, தை என்றும், கார் நடவு, பிசான அறுவடை என்றும் இருக்க வேண்டும். பேருந்தில் போய் இறங்கிப் பார்க்கக்கூடிய இடங்கள் வேண்டும், அனுமதி தேவைப்படும் காடு எது என்பதும் வேண்டும். குளங்களின் மறுகால் வரைபடம் வேண்டும். பாம்புக்கடிக்குத் தனிப் பக்கம் வேண்டும், அந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டுச் சுவரில் ஒட்டும்படி அச்சிட வேண்டும். முன்பு இருந்து இப்போது இல்லாதவற்றுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் படிப்பவர் தன் ஊரில் கண்டதைத் தேதியோடு எழுத வெற்றுப் பக்கங்கள் விட வேண்டும். ஐந்து வருடம் கழித்து அந்தப் பக்கங்களைத் திரும்ப வாங்கி இரண்டாம் பதிப்பில் சேர்க்க வேண்டும். விலை பள்ளிப் பிள்ளை வாங்கும்படி இருக்க வேண்டும். வரும் பிசானப் பருவத்திலேயே வேலையைத் தொடங்கினால், குளங்கள் நிரம்பி நாரைகள் இறங்கும் தை மாதத்துக்குள் குளங்களைப் பற்றிய அத்தியாயத்தின் பாதியையாவது கரையில் நின்றே எழுதிவிடலாம்.